போரிலிருந்து திரும்பியவர் அமைத்த நத்தார்க் குடில்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெடியள் கிடுகும் வைக்கோலும் தேடி அலையத் தொடங்கிவிடுவார்கள். தேவாலய முற்றத்தில் பெரிய குடில் ஒன்று எழும். வீடுகளில் சிறிய குடில்கள் எழும். சிரட்டையில் நெல்லை முளைக்க வைத்து, அந்தப் பச்சையை மாதாவுக்கும் சூசையப்பருக்கும் முன்னால் புல்வெளியாக வைப்போம். இப்போது ரெஜிபோமில் வெட்டிய மலைகளும், மின்விளக்குத் தோரணங்களும், தண்ணீர் ஓடும் அருவிகளும் வந்துவிட்டன. எது அழகான குடில் என்று போட்டி நடத்திப் பரிசும் கொடுக்கிறார்கள்.

என் நினைவில் நிற்கும் குடிலுக்கு விளக்கு இல்லை. 2009 டிசம்பரில் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். நிவாரணப் பொருள் வந்த மட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி, கிழிந்த தறப்பாள் துண்டைக் கூரையாகப் போட்டு, உள்ளே காய்ந்த புல்லைப் பரப்பினோம். சொரூபங்கள் எல்லாம் வன்னியில் எங்கோ விடுபட்டுப் போயிருந்தன. அதனால் எங்கள் குடிலில் பாலன் இல்லை. பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒருவர் அன்றிரவு நெடுநேரம் அந்த வெறும் புல்லைப் பார்த்தபடி இருந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத வருடம் அது.

அந்தக் குடிலைக் குறையுள்ள குடில் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். நத்தார்க் குடில் என்ற வழக்கத்தைப் பரவச் செய்தவரின் வாழ்க்கையைப் பின்னர் வாசித்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. அவர் அசிசி நகர் பிரான்சிஸ். பறவைகளோடு பேசிய சாந்தமான துறவி என்றே அவரை நாங்கள் அறிவோம். சண்டைக்குப் போய், தோற்று, சிறையில் கிடந்து, உடைந்து திரும்பிய இளைஞனும் அவர்தான் என்பதை எங்களுக்கு அதிகம் பேர் சொல்லித் தரவில்லை.

சிறை

பிரான்சிஸ் இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள அசிசியில் 1181 அல்லது 1182இல் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே வசதியான துணி வியாபாரி. மகனுக்கு நல்ல உடுப்பும் நண்பர்களும் பாட்டும் கூத்தும் இருந்தன. குதிரை வீரனாகப் பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அசிசிக்கும் அயல் நகரமான பெரூஜியாவுக்கும் பகை. 1202இல் கொலெஸ்ராதா என்ற இடத்தில் இரு நகரப் படைகளும் மோதின. அசிசி தோற்றது. இருபது வயதளவில் இருந்த பிரான்சிஸ் பிடிபட்டு, ஏறத்தாழ ஒரு வருடம் பெரூஜியாவில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே கைதிகளில் ஒருவரை மற்றவர்கள் எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரான்சிஸ் மட்டும் அவரோடு கூடி இருந்து, மற்றவர்களோடும் அவரைச் சேர்த்து வைத்தார் என்று அவருடைய தோழர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. தடுப்பில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

விடுதலையாகி வந்தவர் நெடுநாள் நோயில் கிடந்தார். ஓரளவு தேறியதும் தடி ஊன்றி வெளியே போய் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தார். முன்பு மகிழ்ச்சி தந்த அந்தக் காட்சிகள் எதுவும் இப்போது அவரைத் தொடவில்லை. அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ நகர் தோமஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியும் ஊர் பழைய ஊராகத் தெரியாத அந்த நிலையை எங்களில் பலர் அறிவோம்.

அப்படியிருந்தும் அவர் மறுபடி போருக்குப் புறப்பட்டார். 1205 அளவில் புதிய ஆயுதங்களோடு தெற்கே போனவர், ஸ்பொலேத்தோ என்ற ஊரில் கண்ட கனவோடு வழியில் திரும்பிவிட்டார். பிறகு அவர் ஆயுதம் எடுக்கவே இல்லை.

வெறுங்கை

அந்தக் காலத்தில் தொழுநோயாளரை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். அவர்களைக் கண்டாலே பிரான்சிஸுக்கு அருவருப்பு. ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட தொழுநோயாளர் ஒருவரைக் கண்டு குதிரையிலிருந்து இறங்கி, காசு கொடுத்து, அவருடைய கையை முத்தமிட்டார். பிறகு அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ப் பணிவிடை செய்தார். சாகும் தறுவாயில் சொல்லி எழுதுவித்த தன் சாசனத்தில், தன் வாழ்க்கை மாறியது அங்கேதான் என்று பிரான்சிஸே குறிப்பிடுகிறார்.

இடிந்து கிடந்த சான் தமியானோ என்ற சிற்றாலயத்தைத் திருத்துவதற்காகத் தந்தையின் துணிகளை விற்றார். தந்தை அவரை வீட்டில் பூட்டி வைத்தார். கடைசியில் ஆயர் முன்னிலையில் வழக்கு வந்தது. பிரான்சிஸ் பணத்தோடு தான் உடுத்திருந்த உடுப்பையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டு வெறும் மேனியாய் நின்றார்.

பிறகு தோழர்கள் சேர்ந்தார்கள். 1209இல் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் அவர்களுடைய வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். இவ்வளவு கடினமான வறுமை எதற்கு என்று அசிசி ஆயர் கேட்டபோது, சொத்து வைத்திருந்தால் அதைக் காக்க ஆயுதமும் வைத்திருக்க வேண்டும் என்ற பொருளில் பிரான்சிஸ் பதில் சொன்னார். போரைக் கண்டவரின் பதில் அது.

முற்றுகைக்குள்

1219இல் அவர் எகிப்துக்குப் போனார். ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐரோப்பியப் படைகள் டமியெற்றா நகரை முற்றுகையிட்டிருந்தன. ஓகஸ்ட் இறுதியில் நடக்கவிருந்த சண்டை வேண்டாம் என்று பிரான்சிஸ் தன் பக்கத்துப் படையினரையே தடுத்துப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். சண்டையில் பெருந்தோல்வி அடைந்தார்கள்.

அதன் பிறகு பிரான்சிஸ் இலுமினாத்தோ என்ற சகோதரரோடு வெறுங்கையுடன் போர்க்கோட்டைக் கடந்து, சுல்தான் அல் காமிலின் பாளயத்துக்குப் போனார். அல் காமில், பெயர்பெற்ற சலாகுதீனின் சகோதரர் மகன். இருவரும் பேசினார்கள். யாரும் மதம் மாறவில்லை, போரும் நிற்கவில்லை. ஆனால் எதிரி என்று சொல்லப்பட்ட அந்த மன்னர் அவரை மரியாதையோடு நடத்திப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

அந்த நவம்பரில் டமியெற்றா வீழ்ந்தது. உள்ளே போன படைகள் கண்டது பட்டினியாலும் நோயாலும் செத்துக் கிடந்த மக்களை.

கிரெச்சியோவில் ஓர் இரவு

இத்தனைக்கும் பிறகுதான் குடில் வருகிறது. ஆண்டு 1223. பிரான்சிஸின் உடல் தளர்ந்துவிட்டது, கண்பார்வையும் குறைந்து வந்தது. சபைக்கான ஒழுங்குவிதிகளை நவம்பர் 29இல் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ் உறுதிப்படுத்தியிருந்தார்.

ரியெத்தி பள்ளத்தாக்கில் கிரெச்சியோ என்ற மலைக் கிராமம். அங்கே யோவான் என்ற பெருமகன் பிரான்சிஸின் நண்பர். நத்தாருக்குப் பதினைந்து நாள் முன்னதாக அவருக்குச் செய்தி போனது. பெத்லகேமில் பிறந்த குழந்தை எவ்வளவு இல்லாமைக்குள் கிடந்தது, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் வைக்கோலில் எப்படிக் கிடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புவதாகவும், அதற்கு வேண்டியதை ஆயத்தம் செய்யுமாறும் பிரான்சிஸ் கேட்டிருந்தார்.

ஆயத்தம் என்றால் மூன்று பொருள்கள்தான். வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை. மாதா சொரூபம் இல்லை, சூசையப்பர் இல்லை, சம்மனசுகள் இல்லை. தொட்டிக்குள் பாலனும் இல்லை.

அன்றிரவு சுற்று வட்டாரத்து மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி மலையேறி வந்தார்கள். சகோதரர்கள் பாடினார்கள். அந்தத் தொட்டியின் மேலேயே குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பிரான்சிஸ் குருவானவர் அல்ல, தியாக்கோன். அவர் நற்செய்தியைப் பாடி, பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவது போலச் சொன்னாராம். அங்கிருந்த ஒருவர், தொட்டிக்குள் உயிரற்றதுபோல் ஒரு குழந்தை கிடப்பதாகவும், பிரான்சிஸ் கிட்டப் போக அது கண் விழிப்பதாகவும் காட்சி கண்டார் என்று தோமஸ் எழுதுகிறார். பின்னர் அந்த வைக்கோலை மக்கள் எடுத்துப் போய் நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள்.

தேவாலயங்களில் நத்தார் நாடகங்கள் அதற்கு முன்னும் இருந்தன. ஆனால் குடில் என்ற வழக்கம் மக்களிடையே பரவியது கிரெச்சியோவின் நினைவோடும் பிரான்சிஸ்கன் சபையினரோடும்தான். செதுக்கிய உருவங்கள் பின்னர் வந்தன. அந்தச் சபைத் துறவிகள் 1543இல் இலங்கைக்கும் வந்தார்கள். போர்த்துக்கேயரின் கப்பலில், அவர்களுடைய ஆயுதங்களின் நிழலில் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் விரும்பிய நத்தார்

பிரான்சிஸுக்கு நத்தார் விழாக்களுக்கெல்லாம் தலையான விழா. அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் ஒருத்தி உபவாசம் இருக்கக் கூடாது, சுவருக்குக்கூட இறைச்சி ஊட்ட வேண்டும் என்று பகிடியாகச் சொன்னவர் அவர். பேரரசரைக் காணக் கிடைத்தால் ஒரு சட்டம் கேட்பேன் என்றும் சொல்லி வந்தார். அன்று வழியெங்கும் பறவைகளுக்குத் தானியம் தூவ வேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும் வயிறு நிறையத் தீனி வைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவு கொடுக்க வேண்டும்.

கடைசி வருடங்களில் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு வைத்தியம் செய்தார்கள். அந்த வேதனைக் காலத்தில்தான் சூரியனையும் நீரையும் உடன்பிறப்பாக அழைக்கும் பாடலை இயற்றினார். அப்போது அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் தகராறு. ஆயர் தலைவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார், தலைவர் ஆயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று தடை போட்டார். பிரான்சிஸ் மன்னிப்பைப் பற்றிய அடிகளைப் பாடலில் சேர்த்து, இருவர் முன்னாலும் பாட வைத்தார். அவர்கள் சமாதானமானார்கள். 1226 ஒக்ரோபர் 3 மாலை, வெறும் நிலத்தில் தன்னைக் கிடத்தச் சொன்னவர் அந்த நிலையிலேயே கண்மூடினார். இரண்டே ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மன்னிப்பு என்ற சொல் எங்களுக்கு இலேசானது அல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படங்களோடு தெருவோரத்தில் இருக்கும் நாட்டில், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமல் எங்களிடம் மட்டும் மன்னிப்பைக் கேட்பது நியாயமல்ல. பிரான்சிஸும் பாதிக்கப்பட்டவர்களிடம் உபதேசம் செய்யப் போகவில்லை. அதிகாரத்தில் இருந்த இருவரைத்தான் ஒன்றாக நிறுத்தினார்.

அவருடைய நத்தாரை எங்கள் ஊரில் கொண்டாட அதிகம் தேவையில்லை. கேக்கும் பலகாரமும் செய்யும்போது, பிள்ளை திரும்பி வராத வீட்டுக்கும் ஒரு தட்டுப் போகட்டும். முற்றத்தில் காகத்துக்கும் குருவிக்கும் ஒரு பிடி அரிசி விழட்டும். பட்டியில் நிற்கும் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் கூடுதலாகக் கிடைக்கட்டும். குடில் கட்டும் பிள்ளைகளுக்கு, அதை முதலில் அமைத்தவர் சிறையிலிருந்து வந்தவர் என்று யாராவது சொல்லட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் சொரூபங்கள் எல்லாம் இருக்கின்றன. பாலனை மட்டும் அம்மா நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் தொட்டியில் வைப்பார். அதுவரை அங்கே வைக்கோல் மட்டும் கிடக்கும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் செட்டிகுளத்து அக்கா நினைவுக்கு வருகிறார். எங்கள் முகாம் குடிலில் குறை எதுவும் இருக்கவில்லை. கிரெச்சியோவிலும் அப்படித்தான் இருந்தது.