சேலத்து சேர்மன் ராஜாஜி

கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத் தொடையில் நகராட்சி முத்திரை இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? ஆட்டை அறுப்பதற்கு முன்பும் பின்பும் சோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தால்தான் அந்த முத்திரை விழும். அடைப்பான் போன்ற நோய்கள் ஆட்டிலிருந்து மனிதனுக்கும் தொற்றிவிடுமே!

இறைச்சிச் சோதனைக்குத் துணை நிற்கும் சட்டங்களில் ஒன்று, சைவம் மட்டுமே சாப்பிட்ட ஒருவரின் ஆட்சியில் வந்தது என்பதுதான் வேடிக்கை. அவர்தான் ராஜாஜி.

1878ல், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். 1900ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1911ல் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை சேர்மனாக இருந்தார். குடிநீர், சாக்கடை, சந்தை, ஆட்டுத்தொட்டி என்று ஊரின் சுகாதாரம் முழுக்க நகராட்சியின் பொறுப்பு.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. அக்ரஹாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் ஒருவரை நியமித்திருந்தார்கள். அவர் கை பட்டால் தண்ணீர் தீட்டாகிவிடும் என்று தெருவே கொதித்தது. ராஜாஜியும் அதே பிராமண சமூகத்தில் பிறந்தவர்தான். எதிர்த்தவர்கள் அவருக்கு அன்னியர்கள் அல்ல. என்றாலும் அவர் ஊழியரை மாற்றவில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் சேர்மன் கேட்க வேண்டிய கேள்வி. திறப்பவரின் சாதி அல்ல. கொஞ்ச நாளில் கூச்சல் அடங்கியது. அந்த ஊழியர் திறந்துவிட்ட தண்ணீரைத்தான் அக்ரஹாரம் குடித்தது.

பிறகு காந்திஜியின் வழியில் இறங்கினார். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து, கதர், மதுவிலக்கு வேலைகளைச் செய்தார்.

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்!) அந்த அக்டோபரிலேயே மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில் வந்தது. அவரது மந்திரிசபையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சர்.

1939ல் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் சட்டம் இதுதான். குடிநீர், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, திருவிழாச் சுகாதாரம் எல்லாம் இதில் உண்டு. விற்பனைக்கு வரும் இறைச்சி, மீன், காய்கறியைச் சோதிக்கவும், கெட்டுப்போனதைப் பறிமுதல் செய்து அழிக்கவும் சுகாதார அதிகாரிகளுக்கு இது அதிகாரம் தந்தது.

அதே வருடம் அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1948ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆன ராஜாஜி, 1972 டிசம்பர் 25ல், 94 வயதில் காலமானார். சட்டத்தின் பெயரில் இருந்த சென்னை, பின்னாளில் தமிழ்நாடு என்று மாறியது. 1939 மட்டும் மாறவில்லை.