வில்லியம் மோரிஸின் அச்சு இயந்திரம் ஒரு தமிழர் வீட்டில்! யார் இந்த ஆனந்த குமாரசாமி?

பின்னிப் படர்ந்த கொடி, நிறைய பூ, நடுவில் ஸ்ட்ராபெரி பழத்தைக் கவ்வி நிற்கும் பறவை. கைப்பை, டைரி அட்டை, குஷன் உறை, மொபைல் கவர் என்று ஆன்லைன் கடைகளில் எங்கே பார்த்தாலும் இந்த டிசைன்தான். வீட்டிலேயே எம்பிராய்டரி போட்டு, காகிதத்தில் அச்சுக் குத்தி விற்கிறவங்களுக்கும் இது ரொம்பப் பிடித்தமானது. 'விக்டோரியன் ஸ்டைல்' என்று பொதுவாகச் சொல்வாங்க. 1883ல் இதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ்.

மோரிஸை இப்போ பல பேருக்குத் தெரியும். அவர் தன் புகழ்பெற்ற புத்தகத்தை அச்சடித்த கை இயந்திரம், அவர் இறந்து சுமார் பத்து வருஷம் கழித்து யாழ்ப்பாண வேர் கொண்ட ஒரு தமிழர் வீட்டில் ஓடியது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. அந்தத் தமிழர் ஆனந்த கெண்டிஷ் குமாரசாமி. நடராஜர் சிலையின் தத்துவத்தை மேற்கு நாடுகளுக்கு விளக்கியவர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு முன்னாடி அவர் எடுத்த சண்டை, துணி பற்றியது, சாயம் பற்றியது, அதைச் செய்கிற கை பற்றியது.

மோரிஸ் எதுக்கு கோபப்பட்டார்?

இந்தக் கதை புரியணும்னா முதலில் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்குப் போகணும். ஆலைகள் பெருகிய காலம். 1856ல் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் தற்செயலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிக்க, ரசாயனச் சாயங்கள் சந்தையை நிரப்பின. துணி மலிவானது, நிறம் பளிச்சென்று ஆனது. ஆனா மோரிஸுக்கு அது கண்ணை உறுத்தியது. லீக் என்ற ஊரில் சாயத் தொழில் நடத்திய தாமஸ் வார்டிலுடன் சேர்ந்து அவுரி, மஞ்சிட்டி மாதிரியான பழைய சாயங்களைத் திரும்பக் கற்றார். அந்த ஸ்ட்ராபெரி பறவைத் துணி உருவான விதமே தனி. முழுத் துணியையும் அவுரி நீலத்தில் முக்கி எடுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை வெளுத்து, அங்கே மற்ற நிறங்களை மர அச்சால் ஏற்றணும். அவசரப்பட்டால் நடக்காத வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்து வீடுகளுக்குப் பூக்கொடி போட்ட பருத்தித் துணி மோகத்தைக் கொடுத்ததே நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கலம்காரித் துணிகள்தான். 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தியத் துணிகளைப் பார்த்து அந்நாட்டு வடிவமைப்பாளர்களே அசந்து போனாங்க. அதே காலத்தில்தான் அவங்க ஆலைத் துணி இங்கே வந்து இறங்கி, நெசவாளர்களைத் தறியை விட்டு எழுப்பிக்கொண்டிருந்தது.

துணிக்கு அடுத்து மோரிஸ் கை வைத்தது புத்தகத்தில். 1891ல் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கினார். கந்தல் துணியைக் கூழாக்கிக் கையால் அள்ளிச் செய்த காகிதம், இரும்பால் ஆன கை அச்சு இயந்திரம். ஈரப்படுத்திய தாளை ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியை இழுத்து அழுத்தணும். அப்படி வந்ததுதான் 1896ன் சாசர் கவிதைத் தொகுப்பு. அதே வருஷம் அவர் இறந்துபோனார்.

கொழும்பில் பிறந்த 'கெண்டிஷ்'

ஆனந்த குமாரசாமி பிறந்தது 1877 ஆகஸ்ட் 22, கொழும்பு. அப்பா சர் முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர்களில் பெரிய ஆள். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அம்மா எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்காரர். பெயரின் நடுவில் இருக்கும் 'கெண்டிஷ்' அந்த ஊர் நினைவாகத்தான். இலங்கை அரசியலில் பின்னாடி பெரிய பெயர்களான பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மகன்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1879ல் அப்பா இறந்துவிட்டார். வளர்ந்தது முழுக்க இங்கிலாந்தில், அம்மாவோடு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தது நிலவியலும் தாவரவியலும். கலைக்கும் இவருக்கும் அப்போ சம்பந்தமே இல்லை.

1902ல் எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் இருவரும் இலங்கை போனாங்க. கனிம வள ஆய்வுத் துறைக்கு அவர்தான் இயக்குநர். வேலையில் கெட்டிக்காரர். கதிரியக்கம் உள்ள தோரியனைட் என்ற கனிமம் உலகத்துக்குத் தெரியவந்தது இவர் மூலமாகத்தான். அப்படியே போயிருந்தால் ஒரு நல்ல விஞ்ஞானியாக ஓய்வு பெற்றிருப்பார்.

பாறை தேடிப் போன இடத்தில்...

பாறை தேடி ஊர் ஊராக அலையும் வேலை அது. போன இடமெல்லாம் அவர் பார்த்தது வேற. கண்டி அரசு 1815ல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியிருந்தது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் வேலை செய்த தச்சர், கொல்லர், ஓவியர், நெசவாளர் குடும்பங்களுக்கு ஆதரவு போய்விட்டது. பழைய கட்டடங்களைத் தகரம் போட்டு மூடிக்கொண்டிருந்தாங்க. வசதியானவங்க இறக்குமதித் துணிக்கு மாறியிருந்தாங்க. தகுதிக்கு அடையாளமே அதுதான் என்ற நிலைமை.

1905ல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுங்கள், உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் சாரம். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்கும் தலைவரானார். மேல்நாட்டுப் பழக்கங்களை யோசிக்காமல் காப்பியடிப்பதைக் கண்டித்தது அந்தச் சங்கம். கோட்டு சூட்டில் வளர்ந்த ஒருவர் இதைச் சொன்னது சிலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனா வெளியிலிருந்து வந்த கண்ணுக்குத்தான் இழப்பு சட்டென்று தெரிந்திருக்கு.

இந்த இடத்தில் எதெலை மறந்துவிடக் கூடாது. கிராமங்களில் புகைப்படம் எடுத்தது, எம்பிராய்டரி தையல்களைக் கவனித்துக் குறித்தது, நெசவைப் பக்கத்தில் இருந்து பார்த்தது எல்லாம் அவர். குமாரசாமி பெயரில் வந்த புத்தகத்தில் அவர் உழைப்பு நிறையவே இருக்கு.

425 பிரதிகள், 15 மாதம்

1907ல் இருவரும் இங்கிலாந்து திரும்பி, பிராட் கேம்ப்டன் கிராமத்தில் நார்மன் சேப்பல் என்ற பழைய தேவாலயக் கட்டடத்தில் குடியேறினாங்க. அதை வீடாக மாற்றிக் கொடுத்தவர் சி.ஆர். ஆஷ்பி. மோரிஸ் வழியில் வந்த கட்டடக் கலைஞர். லண்டனிலிருந்து கைவினைஞர்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்து பக்கத்து ஊரான சிப்பிங் கேம்ப்டனில் 'கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட்' நடத்தியவர். எதெலின் அண்ணன் தம்பி உறவில் ஒருவரும் அங்கே நகை செய்தவர்தான். மோரிஸ் இறந்தபின் அவருடைய அச்சு இயந்திரங்கள் ஆஷ்பி கைக்கு வந்திருந்தன. அங்கிருந்து குமாரசாமி வீட்டுக்கு.

1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை, அவர் மேற்பார்வையில் அந்த இயந்திரத்தில் அச்சானது 'மீடியீவல் சிங்களீஸ் ஆர்ட்'. சாசர் தொகுப்பை அச்சடித்த அதே இயந்திரம். மொத்தம் 425 பிரதிகள். கண்டி நாட்டு நெசவு, பாய், எம்பிராய்டரி, தந்த வேலை, உலோக வேலை எல்லாம் எப்படி நடந்தது, செய்தவர்களுக்கு என்ன கூலி, என்ன மானியம் என்பது வரை அதில் உண்டு. கையால் செய்யும் பொருளைப் பற்றிய புத்தகம், அதுவும் கையாலேயே செய்த பொருளாக இருக்கணும் என்ற பிடிவாதம் தெரிகிறது.

அதே 1908ல் ஆஷ்பியின் கில்ட் கணக்கு முடித்து இழுத்து மூடப்பட்டது. மெஷின் பொருளோடு விலையில் போட்டி போட முடியவில்லை. அழகு மட்டும் சோறு போடாது என்பதைக் குமாரசாமி பக்கத்து ஊரிலேயே பார்த்தார்.

சுதேசி என்றால் ஆலைத் துணியா?

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அந்த நினைவாகத்தான் 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம். மான்செஸ்டர் துணி வேண்டாம், நம்ம நாட்டுத் துணி வாங்கு என்பது அப்போதைய முழக்கம். குமாரசாமிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

1909ல் 'தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மேன்', 1912ல் சென்னை கணேஷ் அண்டு கோ வெளியிட்ட 'ஆர்ட் அண்டு சுதேசி' என்று தொடர்ந்து எழுதினார். வாதம் எளிமையானது. மான்செஸ்டர் ஆலைக்குப் பதில் பம்பாய் ஆலை, வெளிநாட்டு ரசாயனச் சாயத்துக்குப் பதில் உள்நாட்டில் கலக்கிய அதே சாயம் என்றால், முதலாளி மாறுவார், நெசவாளிக்கு ஒன்றும் மாறாது. மலிவு என்பதற்காக மட்டும் வாங்கும் சுதேசி, தறியைக் காப்பாற்றாது. காந்தி 'ஹிந்த் சுயராஜ்' எழுதியதும் 1909லேயே என்பது கவனிக்கத்தக்கது.

இது நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டை மட்டும் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி மாதிரி ஊரிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பும் குடும்பத்துக்கும் இதே கேள்விதான். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் வட்டாரத்து இலையூர், வாரியங்காவல் பக்கம் கைத்தறிப் பட்டு நெய்யறாங்க. கடையில் பார்க்க அதே மாதிரி தெரியும் விசைத்தறிப் புடவை விலை ரொம்பக் குறைவு. பட்ஜெட் போட்டு வாங்குகிற குடும்பத்தைக் குறை சொல்ல முடியுமா? குமாரசாமி கணக்கில் இந்த இடம் கொஞ்சம் ஓட்டைதான். அவருக்குப் பணக் கஷ்டம் தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அப்பா தொழிலை மகன் செய்வதுதான் கைத்திறனைக் காத்தது என்று அவர் நம்பினார். சாதி அடிப்படையிலான பழைய ஏற்பாட்டை அழகான ஒழுங்காகப் பார்த்தார். தறிக்குழியில் காலை விட்டு முதுகு வலியோடு உட்கார்ந்த அப்பாக்கள், தன் பிள்ளையாவது படித்து வெளியே போகட்டும் என்று நினைத்ததை அவர் எழுத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம். கைவினையை மதித்த அளவுக்கு, கைவினைஞருக்கு வேறு ஆசை இருக்கலாம் என்பதை அவர் யோசிக்கவில்லை. அவரைக் கொண்டாடுகிற பலரும் இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போயிடறாங்க.

தறியைப் பிடித்தது எதெல்

குமாரசாமியும் எதெலும் சில வருஷங்களில் பிரிந்தாங்க. 1913ல் எதெல் மறுமணம் செய்து எதெல் மைரெட் ஆனார். இலங்கையிலும் இந்தியாவிலும் பார்த்த நெசவை அவர் விடவில்லை. தானே நூற்று, தானே சாயம் ஏற்றி, தறியில் உட்கார்ந்தார். 1916ல் இயற்கைச் சாயங்கள் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் கைநெசவு செய்கிறவர்களுக்குக் கையேடு ஆனது. டிச்லிங் என்ற ஊரில் பட்டறை வைத்துப் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். பிரிட்டனின் 'ராயல் டிசைனர் ஃபார் இண்டஸ்ட்ரி' கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். குமாரசாமி எழுதினார், எதெல் நெய்தார். 1952ல் அவர் இறந்தபோது, நவீன பிரிட்டிஷ் கைநெசவுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கியிருந்தார்.

பாஸ்டனுக்குப் போன பொக்கிஷம்

குமாரசாமி இந்தியா முழுக்கச் சுற்றி ஓவியங்கள், சிலைகள், துணிகள் சேர்த்தார். 1910-11ல் அலகாபாத் கண்காட்சியின் கலைப் பிரிவைக் கவனித்தார். 1912ல் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் நடராஜர் தாண்டவம் பற்றிய கட்டுரை வந்தது. தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரமாக வைத்து எழுதியது. 1918ல் நியூயார்க்கில் 'தி டான்ஸ் ஆஃப் சிவா' என்ற தொகுப்பாக வந்து உலகம் முழுக்கப் பரவியது அதுதான்.

ஆனா சேர்த்த பொருளை வைக்க இந்தியாவில் இடம் கிடைக்கவில்லை. ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டினால் அத்தனையும் கொடுத்துவிடுகிறேன் என்று முன்வந்தும் யாரும் அசையவில்லை. 1917ல் டென்மன் ராஸ் என்ற அமெரிக்கர் அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியை வாங்கி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதோடு குமாரசாமியும் போனார், இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராக. ராஜபுத்திர ஓவியங்கள் பற்றி 1916ல் உலகுக்கே முதலில் விரிவாக எழுதியவரின் சேகரிப்பைப் பார்க்க, இன்றும் அமெரிக்கா போகணும்.

அங்கே 30 வருஷம் வேலை பார்த்தார். வயது ஏற ஏறக் கைவினையிலிருந்து தத்துவத்தின் பக்கம் எழுத்து நகர்ந்தது. 1947 ஆகஸ்ட் 15ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஒரு வாரத்தில் அவருக்கு 70வது பிறந்தநாள். நண்பர்கள் கொடுத்த விருந்தில், வேலையை விட்டு இந்தியாவுக்கே திரும்பப் போவதாகச் சொன்னார். செப்டம்பர் 9 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலம் நீடம் ஊரில் இருந்த வீட்டில் காலமானார்.