விரலால் இருதயத்தைப் படித்த அம்மையார்

குழந்தையின் உதடு நீலம். நகம் நீலம். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். உடனே குந்தி உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட "நீலக் குழந்தை"களைக் கண்டால், ஒரு காலத்தில் டாக்டர்கள் கையை விரித்து விடுவார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு வாழ வழி காட்டியவர், அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஹெலன் டாசிக் அம்மையார். இருதய நோய் டாக்டரான அவருக்கு, காது சரியாகக் கேட்காது!

எழுத்து குழம்பியது

ஹெலன், 1898-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். ஹெலனுக்கு 11 வயதானபோது, தாயார் காச நோயால் இறந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஹெலனுக்குப் படிப்பு எளிதில் வரவில்லை. எழுத்துகள் கண் முன்னே குழம்பின. தந்தை பொறுமையுடன் சொல்லிக் கொடுத்தார்.

ஹெலன் டாக்டராக விரும்பினார். ஹார்வர்டில் அப்போது பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுப்பதில்லை. எனவே பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் படித்து, 1927-ல் டாக்டர் ஆனார். 1930-ல், அங்கேயே குழந்தைகள் இருதயப் பிரிவின் தலைவர் ஆனார்.

காது மந்தமாயிற்று

அந்தக் காலகட்டத்தில்தான் அவருக்குக் காது மந்தமாயிற்று. குழந்தையின் இருதய ஒலி சரியாகக் கேட்கவில்லை.

ஹெலன் வேலையை விடவில்லை. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தார். இருதயம் துடிப்பதை விரலாலேயே உணர்ந்தார். எக்ஸ்ரே திரையில் அதன் வடிவத்தைக் கவனித்தார். உதட்டு அசைவைப் பார்த்து, தாய்மார்கள் சொல்வதைப் புரிந்து கொண்டார்.

நாலு குறைகள்

நீலக் குழந்தைகள் பலருக்கு, பிறவியிலேயே இருதயத்தில் நாலு குறைகள் இருந்தன. இருதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை குறுகல். உடம்புக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய் ஓட்டையின் மேலே நகர்ந்திருக்கும். வலது கீழ் அறையின் சுவர் தடித்திருக்கும்.

நுரையீரலுக்குப் போய் பிராண வாயுவை வாங்கினால்தான் ரத்தம் நல்ல சிவப்பாகும். இந்தக் குழந்தைகளுக்கு அங்கே போதிய ரத்தம் போகவில்லை. அதனால்தான் நீலம்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு, பெரிய குழாயையும் நுரையீரல் குழாயையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். அது மூடியதும் நீலக் குழந்தைகளின் நிலை மோசமானதை ஹெலன் கண்டார். அப்படியானால், புதிதாக ஓர் இணைப்பு வைத்தால் என்ன?

பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர், மூடாமல் நின்ற அந்தச் சிறு குழாயை 1938-ல் ஆபரேஷன் செய்து மூடியவர். ஹெலன் அவரிடம் போய்த் தம் யோசனையைச் சொன்னார். அவர் அக்கறை காட்டவில்லை.

தச்சர் கற்ற வித்தை

1941-ல் டாக்டர் ஆல்பிரட் பிளாலக் ஹாப்கின்சுக்கு வந்தார். ஹெலன் சொன்னதை அவர் ஏற்றார்.

பிளாலக்கின் உதவியாளர் விவியன் தாமஸ், கறுப்பு இனத்தவர். முன்பு தச்சு வேலை செய்தவர். கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணம், வங்கி முறிந்ததால் போயிற்று. அவர்தான் நாய்களுக்குப் பலமுறை ஆபரேஷன் செய்து, முறையை உருவாக்கினார்.

1944 நவம்பர் 29-ந் தேதி, 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் ஆபரேஷன் நடந்தது. கைக்குப் போகும் ரத்தக் குழாயைப் பிளாலக் நுரையீரல் குழாயுடன் இணைத்துத் தைத்தார். தாமஸ் பின்னால் நின்று யோசனை சொன்னார்.

குழந்தை பிழைத்தது. ஆனால் சில மாதங்களில் மறுபடியும் நீலம் பாரித்து, அடுத்த ஆண்டு இறந்தது. அவர்கள் மனம் தளரவில்லை. மூன்றாவதாக 6 வயதுச் சிறுவனுக்குச் செய்தபோது, ஆபரேஷன் மேஜையிலேயே அவனுடைய உதடு சிவந்தது! பல நாடுகளில் இருந்தும் பெற்றோர் குழந்தைகளுடன் பால்டிமோருக்கு வந்தார்கள்.

பிறகு என்ன ஆனார்கள்?

இந்த ஆபரேஷன் ரத்தத்துக்கு மாற்று வழி விட்டதே தவிர, இருதயத்தின் ஓட்டையை அடைக்கவில்லை. 1954-ல், டாக்டர் லில்லஹை குழுவினர் மின்னசோட்டாவில் இருதயத்தைத் திறந்து குறையையே சரி செய்தார்கள். இப்போது அந்தச் சிகிச்சை பெரும்பாலும் முதல் வயதுக்குள் செய்யப்படுகிறது. குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகி, குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆனால் ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு நுரையீரல் வால்வு ஒழுகலாம். இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வால்வை மாற்றவும் நேரலாம். ஆகவே, நன்றாக இருப்பவர்களும் ஆயுள் முழுவதும் இருதய டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

ஹெலனும் தம் குழந்தைகளை விட்டுவிடவில்லை. அவர்கள் வளர்ந்த பிறகும், உடல்நிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக் குறித்து வைத்தார். 1963-ல் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

1965-ல், அமெரிக்க இருதய சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். ஆபரேஷனுக்குப் பிளாலக், டாசிக் என்ற இரு பெயர்களே இடப்பட்டன. தாமசுக்கு 1976-ல்தான் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் 1985-ல் இறந்தார். 1986 மே 20-ந் தேதி, பென்சில்வேனியாவில் நடந்த மோட்டார் விபத்தில் ஹெலன் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 87.

உடனே முழு ஆபரேஷன் செய்ய முடியாத குழந்தைகளுக்கு, இன்றும் மாற்று வழி விடுகிறார்கள். அந்த ஆபரேஷனின் பெயருடன், இப்போது தாமசின் பெயரும் சேர்ந்திருக்கிறது.