பாரதியார் கண்ட புரட்சி

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய பாரதியார், 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராய் விளங்கினார். அவ்வாண்டிலேயே சென்னை சென்று, சுதேசமித்திரன் நாளிதழிற் பணி ஏற்றார். ஆங்கிலத்தில் வரும் உலகச் செய்திகளைத் தமிழாக்குதல் அவர்தம் கடமையாயிற்று.

உருசிய நாட்டை அவர் நேரிற் கண்டதில்லை; பிறர் கண்டு எழுதிய செய்திகளே அவர்க்குக் கண்களாயின. சார் மன்னனின் கொடுங்கோன்மையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்ததனை, 1906ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியா என்னும் இதழ் வாயிலாகத் தமிழர்க்கு எடுத்துரைத்தார். ஆங்கில அரசின் அடக்குமுறையால் 1908ஆம் ஆண்டில் புதுச்சேரி புகுந்தார். 1917ஆம் ஆண்டில் சார் மன்னன் வீழ்ந்தான். அது கேட்டு உவந்த பாரதியார், புதிய ருஷியா என்னும் பாடலை இயற்றினார்.

ஆயினும், கேட்டவற்றையெல்லாம் ஆராயாது ஏற்றாரல்லர். செல்வம் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கொள்கையைப் போற்றிய அவரே, அதனைப் படைவலியால் நிலைநாட்ட முயன்ற லெனினின் வழியைச் செல்வம் என்னும் கட்டுரையில் மறுத்தார். கொலையினால் அன்பும் சமத்துவமும் விளையா என்பது அவர் துணிபு.

1921ஆம் ஆண்டில், தம் முப்பத்தெட்டாம் அகவையில், பாரதியார் மறைந்தார். தாம் விரும்பிய கொள்கையிடத்தும் குறை கண்டவிடத்து அதனை மறையாது உரைத்த அவர்தம் நடுவுநிலைமை, செய்தி படிப்போர் யாவரும் கைக்கொள்ளத் தக்கதாகும்.