உலகைச் சுற்றிப் படச்சுருள் தேடிய ஏ.கே. செட்டியார்

இன்று மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்குச் செல்பவர்கள் மூடுபனியையும் காற்றையும் கைபேசியில் காணொளியாக எடுத்து அன்றே உலகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காணொளி எடுப்பது இவ்வளவு இலகுவாக இல்லாத காலத்தில், சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி உலகைச் சுற்றிய ஒரு தமிழரை எமது இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர்தான் ஏ.கே. செட்டியார்.

1911 ஆம் ஆண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்த அவரது இயற்பெயர் கருப்பன். வணிகச் சமூகத்தில் பிறந்தாலும் அவரது நாட்டம் எழுத்தின் மீதே இருந்தது. இளம் வயதிலேயே பர்மா சென்று, ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியரானார். பின்னர் டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார்.

1937 ஒக்டோபர் 2 ஆம் திகதி, காந்தியின் பிறந்த நாளன்று, நியூயோர்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோது காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 26 கூட நிறைவடையவில்லை. பெரும் செல்வமோ அரசின் ஆதரவோ அவரிடம் இருக்கவில்லை. இந்தியாவை ஆண்டதும் பிரித்தானியரே.

முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த காட்சிகள் பல நாடுகளில் கிடந்தன. அவற்றைத் தேடி ஐரோப்பா, தென்னாபிரிக்கா என நெடுந்தூரம் பயணம் செய்தார். சேர்ந்த படச்சுருளின் நீளம் சுமார் 50,000 அடி. அதிலிருந்து உருவான படம் 1940 ஓகஸ்டில் தமிழில் வெளியானது. தெலுங்கு, ஹிந்தி வடிவங்கள் பின்னர் வந்தன. 1953 இல் ஹொலிவூட்டில் ஆங்கில வடிவமும் தயாரானது.

படத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1943 இல் 'குமரி மலர்' இதழை ஆரம்பித்துப் பல்லாண்டுகள் நடத்தினார். 'உலகம் சுற்றும் தமிழன்', 'கரிபியன் கடலும் கயானாவும்' போன்ற பயண நூல்களை எழுதினார். பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். இத்தனை செய்தும் தன்னை முன்னிறுத்தாமலே வாழ்ந்து 1983 இல் மறைந்தார்.

பிறர் எடுத்த காட்சிகளை அழியாமல் காத்த அந்த மனிதரின் முழுமையான தமிழ்ப் படம் இன்று கிடைப்பதில்லை. சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமே அமெரிக்காவிலிருந்து மீண்டும் கிடைத்தது. காந்தியைப் பற்றிய படத்துக்கே இந்த நிலை என்றால், எமது ஊர்களின் கதி என்ன?

மாத்தளை மாவட்டத்து முஸ்லிம் கிராமங்களின் பழைய புகைப்படங்கள், பள்ளிவாசல் பதிவேடுகள், தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் உழைத்த மூத்தவர்களின் நினைவுகள் எல்லாம் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கின்றன. மூத்தவர் ஒருவர் மௌத்தாகும்போது அவர் அறிந்த ஊர் வரலாறும் அவரோடு போய்விடுகிறது. செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் சென்று செய்த வேலையை, நாம் அடுத்த தெருவுக்குச் சென்று செய்யலாம். அதற்கான கருவி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது.