சிறைக்குள்ளே ஒரு கல்லூரி

குற்றம் புரிந்தவனுக்குக் கல்லூரிப் படிப்பு ஒரு கேடா என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு நாம் மால்கம் எக்சின் வாழ்வை எடுத்துக் காட்டுவோம்.

1925-இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் பிறந்தவர் அவர். ஆறு வயதிலே தந்தை மறைந்தார். பின்னர் தாயும் மனநோய் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். வகுப்பிலே முன்னணியில் நின்ற அந்தச் சிறுவன், வழக்கறிஞராக விரும்பினான். கருப்பனுக்கு அந்த ஆசை ஆகாது, தச்சுவேலை பழகு என்றார் வெள்ளை ஆசிரியர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளி கைவிட்டவனைத் தெரு சேர்த்துக்கொண்டது. தெருவிலிருந்து சிறைக்கு எத்தனை தூரம்?

1946-இல், இருபதாவது வயதில், திருட்டுக் குற்றத்துக்காக எட்டு முதல் பத்தாண்டுத் தண்டனை! மாசசூசெட்சின் சார்லஸ்டவுன் சிறையிலே, கற்றறிந்த கைதி ஒருவர் தூண்ட, அஞ்சல் வழியே ஆங்கிலமும் இலத்தீனும் பயிலத் தொடங்கினார். 1948-இல் நார்போக் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே பெரிய நூலகம் இருந்தது. சொற்போர் மன்றம் இருந்தது. ஹார்வர்டு, பாஸ்டன் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பாடம் சொன்னார்கள். மால்கம் அகராதியைப் பக்கம் பக்கமாக எழுதிப் படித்தார். இரவு பத்து மணிக்கு விளக்கணைந்த பின், நடைவழி வெளிச்சம் விழும் இடத்தில் தரையிலே அமர்ந்து படித்தார். காவலர் காலடி கேட்டால் படுக்கை; கடந்து போனதும் மீண்டும் புத்தகம்!

1952-இல் விடுதலையானார். கருப்பர் உரிமைக்காக அவர் பேசிய பேச்சு அமெரிக்காவை உலுக்கிற்று. எட்டாம் வகுப்போடு நின்ற அந்த மனிதர், 1964 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்திலே வாதிட்டார். அடுத்த பிப்ரவரி 21-இல், 39 வயதில், நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொள்கை அனைத்தையும் ஏற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவை வளர்த்தது எது என்பதை மறுக்க யாரால் முடியும்?

1972-இல் அதே நார்போக் சிறையிலே பாஸ்டன் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. அதைக் காண மால்கம் இல்லை. ஆயினும் 1994-இல் அமெரிக்க அரசு, ஏழை மாணவர்க்குரிய பெல் உதவித்தொகை கைதிகளுக்குக் கிடையாதென்று சட்டம் செய்தது. நாடெங்கும் சிறைக் கல்லூரிகள் பல மூடப்பட்டன. அந்தத் தடை நீங்கி உதவித்தொகை திரும்பியது 2023 ஜூலை 1-இல்தான்.

இடைப்பட்ட 29 ஆண்டுகளில் எத்தனை மால்கம்கள் புத்தகமின்றிச் சிறைக்குள்ளே மங்கினர்? கணக்குச் சொல்வார் யார்? தண்டனை முடிந்து வெளியே வரும் மனிதன் நம் தெருவுக்குத்தான் வருகிறான். அவன் கற்றவனாக வரட்டும் என்கிறோம் நாம்!