ஏழையரின் கணக்கை எழுதிய பேராசான்: தாதாபாய் நௌரோஜி

கற்ற கல்வி எவருக்கு உரியது என்னும் வினா, கலாசாலையை விட்டு நீங்கிய பழைய மாணவர் ஒவ்வொருவர் முன்னும் ஒருநாள் வந்து நிற்கும். பட்டமும் பதவியும் பெற்று வாழுங்கால் அவ்வினாவை நாம் மறந்திருத்தல் கூடும். ஆயின், அன்னை போன்ற கலாசாலையின் விழாவிலே பழைய தோழர் பலரும் ஒருங்கு கூடும்பொழுது அது தானே எழுகின்றது. தம் நெடிய வாழ்வு முழுவதையும் அவ்வினாவுக்கு விடையாக அளித்த ஒரு பெரியாரின் சரிதத்தை இம்மலரிலே சுருங்க எழுத யாம் விழைந்தோம். இந்திய மக்களின் வறுமையை எண்ணால் அளந்து உலகுக்குக் காட்டிய தாதாபாய் நௌரோஜியே அப்பெரியார்.

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் நாள், பார்சி மரபிலே, வறிய குருமார் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். தாயார் மாணிக்பாய் எழுத்தறியாதவர். எனினும் மகனின் கல்விக்குத் தம்மால் இயன்ற யாவும் செய்தார். பம்பாயிலே அக்காலத்தில் மாணவரிடம் கட்டணம் பெறாது நடைபெற்ற பாடசாலையொன்று இருந்தமையாலேயே அச்சிறுவர் படிக்க முடிந்தது. பின்னர் எல்பின்ஸ்ரன் கல்லூரியிற் பயின்று, கணிதத்தில் மிக்க புகழ் பெற்றார். ஏழை மக்களின் பொருளாற் பெற்ற கல்வியை அம்மக்களுக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்ற எண்ணம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதனைக் கொடையென்று அவர் கருதவில்லை. கடன் என்றே கருதினார்.

அக்கடனை அவர் காலந்தாழ்த்தாது இறுக்கத் தொடங்கினார். 1849ஆம் ஆண்டிலே தோழர் சிலருடன் சேர்ந்து பம்பாயிற் பெண்களுக்குப் பாடசாலைகள் நிறுவினார். வீடுவீடாகச் சென்று, பெண்மக்களுக்கு எழுத்தறிவிக்க இசையுமாறு பெற்றோரை வேண்டினார். தாம் பயின்ற கல்லூரியிலேயே கணிதத்துக்கும் இயற்கை விஞ்ஞானத்துக்கும் பேராசிரியரானார். இந்தியர் ஒருவர் அங்கு அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை. 1855ஆம் ஆண்டில் அதனைத் துறந்து, காமா குடும்பத்தாரின் வாணிகத்திற் பங்காளியாக இலண்டன் சென்றார். ஆங்கே அபினியாலும் மதுவாலும் வந்த இலாபத்திலே தமக்குப் பங்கு வேண்டாவெனக் கூறி விலகி, 1859ஆம் ஆண்டிலே தனியே தொழில் தொடங்கினார்.

1866ஆம் ஆண்டிலே ஒரிசாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே காலத்தில், இருப்புப்பாதையும் ஏற்றுமதியும் பெருகுவதை எடுத்துக்காட்டி, இந்தியா செழிக்கின்றது என்று அரசாங்க அறிக்கைகள் கூறிக்கொண்டிருந்தன. செழிக்கும் நாட்டிலே மக்கள் பட்டினியால் மடிவானேன்? இவ்வினாவைத் தாதாபாய் மேடைப் பேச்சால் தீர்க்க முயலவில்லை. கணித ஆசிரியராகவே அதனை அணுகினார். பிரித்தானிய இந்தியாவிலே ஒரு மனிதனுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் வருமானம் எவ்வளவு என்று கணக்கிடத் துணிந்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. ஆயினும் உழைப்பு மிகுந்தது. மாகாணந்தோறும் பயிரிடப்பட்ட ஏக்கர் எத்தனை, ஏக்கரொன்றின் விளைவு எவ்வளவு, அதன் விலை யாது என்பவற்றை அரசாங்கத்தின் அறிக்கைகளிலிருந்தே திரட்டினார். அங்ஙனம் திரட்டுங்கால், அவ்வறிக்கைகளிலே ஒரு பெரும் பிழையைக் கண்டார். அதிகாரிகள் மாவட்டங்களின் விளைவுகளைக் கூட்டி, மாவட்டங்களின் தொகையால் வகுத்துச் சராசரி கண்டிருந்தனர். இப்பிழையை நம் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளும்படி ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். நூறு ஏக்கர் உள்ள ஓரிடத்தில் ஏக்கருக்குப் பத்து மூடையும், ஆயிரம் ஏக்கர் உள்ள மற்றோரிடத்தில் நான்கு மூடையும் விளைவதாகக் கொள்வோம். அதிகாரிகள் முறைப்படி சராசரி ஏழு மூடை. நிலத்தின் பரப்பையும் சேர்த்துக் கணக்கிடின் நாலரை மூடை அளவே ஆகும். தாளிலே தோன்றிய அந்த இரண்டரை மூடை எந்த உழவன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

1876ஆம் ஆண்டிலே பம்பாயில் இந்தியாவின் வறுமை பற்றி அவர் வாசித்த கட்டுரையில் இக்கணக்கு வெளிவந்தது. பதினேழு கோடி மக்களுக்கு ஆண்டு உற்பத்தி முப்பத்துநான்கு கோடி பவுண். ஆளுக்கு நாற்பது சிலிங், அஃதாவது அக்கால மதிப்பில் 20 ரூபா. சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிட்ட தொகையை இதனோடு அவர் ஒப்பிட்டார். குற்றம் செய்து சிறைப்பட்டவனுக்குக் கிடைத்த அளவுதானும், குற்றமின்றி உழைத்த குடியானவனுக்குக் கிடைக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இவ்வறுமைக்குக் காரணமும் கூறினார். இந்தியா இறக்குமதி செய்தவற்றினும் மிகுதியாக ஏற்றுமதி செய்தது. மிகுதிக்கு ஈடான பொருள் திரும்பி வரவில்லை. ஆங்கில உத்தியோகத்தரின் சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, இலண்டனிலிருந்த இந்திய அலுவலகத்தின் செலவு எனப் பலவாறாக நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் வெளியே ஒழுகியது. செல்வ ஒழுக்கு என்னும் இக்கொள்கையே அவர் பெயரைப் பொருளியல் வரலாற்றில் நிலைநிறுத்தியது.

அதிகாரிகள் இவற்றை எளிதில் ஏற்றாரல்லர். ஆயினும் 1882ஆம் ஆண்டில் நிதி உறுப்பினர் பேரிங் கண்ட தொகையும் 27 ரூபாவே. 1901ஆம் ஆண்டில் கர்சன் பிரபு கூறியதும் 30 ரூபாவே. தாதாபாயின் கணக்கிலும் குறையுண்டு. வைத்தியர், ஆசிரியர், வண்ணார் போன்றோரின் உழைப்பை அவர் வருமானமாகச் சேர்க்கவில்லை. ஒழுக்கின் அளவு பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். எனினும், ஆளப்படும் மக்களின் வாழ்வை ஆளுவோர் தம் சொல்லால் அன்றிக் கணக்கால் நிறுவ வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவர் அவரே.

கணக்கைக் கேட்போர் இல்லாவிடிற் பயன் என்? ஆதலால் சட்டம் இயற்றும் இடத்துக்கே செல்ல எண்ணி, 1886ஆம் ஆண்டிலே தேர்தலில் நின்று தோற்றார். 1892ஆம் ஆண்டிலே மத்திய பின்ஸ்பரித் தொகுதியிலே, ஐந்துக்கு மேற்படாத வாக்குகளால் வென்று, பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்தார். சிவில் சேவைப் பரீட்சை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே வேளையில் நடைபெறல் வேண்டும் என்பது அவர் நெடுநாட் கோரிக்கை. கடல் கடக்கப் பொருளில்லாத மாணவனுக்கு அக்கதவு அடைபட்டிருந்தது. நம் நாட்டுச் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் 1875ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவையை அடைந்தது இங்கிலாந்திலே எழுதிய போட்டிப் பரீட்சையாலேயே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1893ஆம் ஆண்டில் அக்கோரிக்கை 84 வாக்குகளுக்கு 76 என்ற கணக்கிற் சபையில் நிறைவேறியது. ஆனால் அரசாங்கம் அதனை நடைமுறைப்படுத்தவில்லை. இந்தியாவில் அப்பரீட்சை முதன்முதலாக நடந்தது 1922ஆம் ஆண்டிலேதான். அதனைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை.

1895ஆம் ஆண்டிற் பாராளுமன்ற இடத்தை இழந்தார். சோர்ந்தாரல்லர். இந்தியச் செலவினங்களை ஆராய அவ்வாண்டு அமைந்த அரச ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்து தம் கணக்குகளை எடுத்துரைத்தார். 1901ஆம் ஆண்டிலே தம் ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டார். மும்முறை காங்கிரசின் தலைவரானார். மூன்றாம் முறை, 1906ஆம் ஆண்டிற் கல்கத்தாவில், எண்பத்தொரு வயது முதியவரின் குரல் தளர்ந்திருந்தமையால் அவர் உரையைக் கோகலே வாசித்தார். சுயராச்சியமே வேண்டுவது என்று அவ்வுரை கூறிற்று. ஆங்கிலரின் நீதியுணர்வை நம்பி அரை நூற்றாண்டு கணக்குக் காட்டியவர் இறுதியிற் கண்ட விடை அதுவே. 1917ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் நாள் பம்பாயில் அவர் மறைந்தார்.

ஏட்டிலே காணும் எண் ஒவ்வொன்றன் பின்னும் ஒரு மனிதனின் உணவுக்கலம் உண்டு என்பதை அவர் ஒருபோதும் மறந்திலர். கட்டணமின்றிக் கற்ற ஓர் ஏழைச் சிறுவர், அக்கல்விக்கான கடனை அறுபது ஆண்டுக்கு மேலாக இறுத்தார். நம்முள் எவரும் முழு விலை கொடுத்துக் கற்றவரல்லர். நம் பாடசாலைகளின் சுவர்களிலே பிறர் கொடையும், நம் ஆசிரியரின் சம்பளத்திலே உழவரும் தொழிலாளரும் இறுத்த வரியும் கலந்துள்ளன. அக்கடனில் எவ்வளவு இறுத்தோம் என்ற கணக்கை இவ்விழா நாளிலே நாம் ஒவ்வொருவரும் எடுத்துப் பார்ப்போமாக.